ஒட்டாத பஞ்சு

கமீலாவுக்கு வெட்டினது வாயில். புண் வந்தது குண்டிக்கு மேலே, வால்எலும்பு முனையில். இதை முதல்முதல் கேட்கிறவன் சிரிப்பான். ஊரில் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஆத்திரப்பட்டார்கள். ஆத்திரப்பட ஒரு ஆள் வேணுமே, அதற்கு ஒரு நேர்ஸ் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். போனில் எழுதினவனும் பள்ளிவாசலடியில் கத்தினவனும் அந்தப் புண்ணைக் கண்டதில்லை. நானும் காணவில்லை, அது பொம்புளையின் உடம்பு. ஆனால் அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

கமீலா எங்கட குடி, தாய்வழிச் சொந்தம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் வேலி, வேலியில் ஒரு முருங்கை. அவள் புருசன் மீராமுகைதீனுக்கும் எனக்கும் மாவடிப்பள்ளி வயல்வட்டையில் அடுத்தடுத்த காணி, ஒரே வாய்க்கால் தண்ணி. அவன் எங்கட பக்கத்தான் இல்லை, கலியாணம் முடித்துக் கமீலாட வீட்டுக்கு வந்தவன். எங்கட வழக்கம் அது, வீடு பொம்புளைக்கு. ஒரே மகள் றிஸ்லா புருசனோடு கட்டாரில். மீராமுகைதீன் பாடுபடுகிறவன், கெட்டிக்காரன். தண்ணி பங்கு பிரிக்கிற வட்டானையோடு அவன் வாய்க்காலில் நின்று கதைக்கத் தொடங்கினால், கடைசியில் வட்டானை தலையைச் சொறிந்துகொண்டு போவார், தண்ணி இவன் வயலுக்குப் போகும். பிழை என்னிடம் என்று அவன் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கமீலா வெற்றிலைக்காரி. விடியச் சுபஹு தொழுத கையோடு ஒரு வாய் போடுவாள். புகையிலையை இடது கன்னத்துக்குள் அடக்கிவைத்துக்கொண்டுதான் அரிசி புடைப்பாள், ஆளையும் ஏசுவாள். அந்தக் கன்னத்தில்தான் வந்தது. முதலில் பல் குத்தினது என்றார்கள், பிறகு சுண்ணாம்பு சுட்டது என்றார்கள். ஆசுபத்திரியில் சதை கிள்ளிப் பார்த்துப் புற்று என்று சொன்னபோது பாதி நாக்கும் தாடை எலும்பும் அதுக்குப் போய்விட்டது. அவ்வளவையும் எடுத்து, தொடையில் சதை வெட்டி வாய்க்குள் வைத்துத் தைக்க வேணும், விடியத் தொடங்கினால் பொழுதுபடும் என்றார் டொக்டர். அதற்குப் பிறகு ஆறு கிழமைக்குள் மட்டக்களப்புக்குப் போய்க் கரண்ட் பிடிக்க வேணும். கரண்ட் என்றால் மெசினுக்குக் கீழே மல்லாக்கப் படுக்கவைத்து மிச்சமிருக்கிற நோயைச் சுடுவது. பிந்தினால் திரும்ப முளைக்கும் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “புல்லப் புடுங்கிப்போட்டு மருந்தடிக்காம விட்ட மாதிரி காக்கா” என்று, மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்கிற மீராமுகைதீனே எனக்கு விளங்கப்படுத்தினான். ஆகவே விளங்காமல் செய்தான் என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

ஒப்பரேசனுக்கு நாள் வரும்வரை அவளைத் தின்னவிடவில்லை. இறைச்சி, முட்டை, கீரிமீன், சூரை எல்லாம் கிரந்தி, புண்ணைக் கிளப்பும் என்று சவளக்கடையில் ஒரு பரிசாரி பத்தியம் சொன்னாராம். எட்டி நடந்தால் கடல். கரைவலை இழுத்தால் துடிக்கத் துடிக்க மீன். அந்த வீட்டில் கமீலாவுக்குக் கஞ்சியும் அவித்த பயறும் முருங்கையிலைச் சுண்டலும். மீராமுகைதீன் அதை அன்பில்தான் செய்தான், தானும் அவளோடு சேர்ந்து மீன் தின்னாமல் கிடந்தான். அதையும் சொல்லத்தான் வேணும். கொழுத்த பொம்புளையாக இருந்தவளின் சட்டை தோளில் நிற்காமல் வழுக ஆரம்பித்தது.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் பின்னேரம் நான் ஆசுபத்திரிக்குப் போனேன். கமீலாவின் தங்கச்சி நபீஸா துணைக்கு ஆளாக நின்றாள். கட்டிலைச் சுற்றி மறைப்புச்சீலை இழுத்திருந்தது, உள்ளே ஒரு நேர்ஸ் பிள்ளை. நான் வெளியே வாங்கில் பிளேன்டித் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு இருந்தேன். சீலைக்குக் காது மூட ஏலாது, எல்லாம் கேட்டது.

“ஆட்ட அறுக்கிறதுக்கு முதல் தடவிப் பாக்கிற மாதிரித் தடவுறீங்க மிஸ்” என்று கமீலா சொன்னாள். கன்னம் வீங்கி இருந்ததால் சொல் கொழகொழத்தது.

“ஆட்டில கொழுப்பிருக்கும் அம்மா. உங்களில எலும்புதான் கிடக்கு. என்ன சாப்பிட்டனீங்க இவ்வளவு நாளும்?”

“பத்தியம்.”

“ஆர் சொன்ன? நாங்க கிளினிக்கில மீனும் முட்டையும் திண்டு உடம்பத் தேத்திக்கொண்டு வாங்க எண்டுதானே சொல்லிவிட்ட?”

“ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா, திண்ணாதெங்கிறவன்ட கதையத்தான் மனிசன் கேப்பான் மிஸ். பயம்.”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நபீஸாவையும் கிட்டக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். “நாளைக்கு விடியத்தில இருந்து பொழுதுபடும்வரைக்கும் மல்லாக்க ஒரே கிடை. நித்திரையில நம்ம உடம்பு நோகநோகத் திரும்பிப் படுக்கும். மயக்க மருந்துக்கு நோவும் தெரியாது, திரும்பவும் ஏலாது. எலும்பு முட்டுற இடத்தில ரத்தம் ஓடாம நிண்டா தோல் செத்துப்போகும். அதுக்குத்தான் குதிக்கால், முழங்கை, பிடரி எல்லாம் பாக்கிறன். குதிக்காலுக்கு அங்க ஜெல் வைப்பாங்க. பின்கொண்டை வேணாம், கொண்டை ஊசி ஒண்டும் தலையில இருக்கப்படாது. பக்கத்தால பின்னி விடுங்க. இந்த வால்எலும்புதான் எனக்குப் பயம். தோலுக்குக் கீழ ஒண்டுமில்ல.”

எதையோ கிழிக்கிற சத்தம் கேட்டது. “இது பஞ்சு. ஓரம் பசை. இத இதில ஒட்டிவிடுறன். எண்ணெய், கிறீம், பவுடர் ஒண்டும் இந்தப் பக்கம் வரப்படாது. எண்ணெய் பட்டா ஒட்டாது, ஒட்டாட்டிச் சுருளும். சுருண்டு உடம்புக்குக் கீழ கிடந்தா அதே வெட்டிப்போடும். விளங்கினதா அக்கா?”

“விளங்கிட்டு மிஸ்” என்றாள் நபீஸா.

நேர்ஸ் வெளியே வந்தாள். பெயர் கஜேந்தினி, திருக்கோவில் பிள்ளை, என் பேத்தி வயது வரும். என்னைப் பார்த்து, “ஐயா, பிளேன்டி குடுங்க, ஆனா இருட்டினாப் பிறகு வாயில ஒண்டும் வைக்கப்படாது” என்று சொல்லிப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்தப் பஞ்சில் எனக்கு அன்றைக்கு நம்பிக்கை வரவில்லை. ஆசுபத்திரியில் ஒட்டுவதும் உரிப்பதும் எப்போதும் நடக்கிற ஒன்று என்று நினைத்தேன்.

கமீலா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். “காக்கா, நாளைக்குப் புறகு கதைக்க நாக்கு இரிக்காது. ஏச வேண்டிய ஆக்கள இண்டைக்கே ஏசி முடிக்கணும்.”

“ஆர முதல்ல?”

“உங்களத்தான். முருங்கக்காய் முழுக்க உங்கட பக்கத்தால ஆயிறீங்க. மரம் என்ட வளவுல நிக்கிது.”

“கொப்பு என்ட பக்கமெல்லாவா.”

“கொப்பு எந்தப் பக்கம் பாத்தா என்ன, வேர் ஆர்ர?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், கன்னம் விடவில்லை. அதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

ஒப்பரேசன் அன்றைக்குக் கச்சான் காற்று அனலாக அடித்தது. ஆசுபத்திரி வளவில் வேப்பம்பூ முழுக்கக் கொட்டிக் கிடந்தது. மீராமுகைதீன் தஸ்பீஹு மணி உருட்டிக்கொண்டே இருந்தான். லுஹருக்குப் போய் வந்தான், அஸருக்குப் போய் வந்தான், ஒரு வாய் சோறு தின்னவில்லை. மஃரிபுக்கு வாங்கு சொல்லும்போதுதான் டொக்டர் வந்து, நல்லபடி முடிந்தது, நோயை முழுக்க எடுத்திருக்கிறோம் என்றார். இவன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் கள்ளம் இல்லை.

பிறகு அவளைப் புரட்டிப் பார்க்கும்போது கண்டார்கள். பஞ்சு ஒட்டின இடத்தில் இல்லை. கயிறு மாதிரிச் சுருண்டு எலும்புக்குக் கீழே கிடந்திருக்கிறது. அதன் தடத்தில் தோல் நாவல்பழ நிறம். இரண்டு நாளில் கறுத்தது, அதற்குப் பிறகு வெடித்துக் குழி விழுந்தது. “டிரெசிங் சுருண்டு அழுத்தியிருக்கு” என்று டொக்டர் சொன்னார். மீராமுகைதீனுக்கு அது போதும்.

“டொக்டரே சொல்லிட்டார். அந்த மிஸ் ஒட்டின சாமான்தான் வெட்டியிரிக்கி” என்று வாட்டு வாசலில் நின்று கத்தினான். “தமிழ்ப் புள்ள. நம்மட ஆளெண்டா கவனமா ஒட்டுவாளா? வேணுமெண்டு செஞ்சவள்.”

கஜேந்தினி நபீஸாவிடம் மட்டும் கேட்டாள். “அக்கா, எண்ணெய் ஏதும் பூசினீங்களா? உடுப்பில மணந்தது.”

நபீஸா மச்சானைப் பார்த்தாள். “இல்ல மிஸ்” என்றாள்.

அதற்குப் பிறகு ஊர் எடுத்துக்கொண்டது. முறைப்பாடு எழுதினார்கள். போனில் அந்தப் பிள்ளையின் படத்தைப் போட்டார்கள். இந்தக் கரையில் முஸ்லிம்கள் நாங்களும் தமிழர் அவர்களும் ஒருத்தனுக்கு ஒருத்தன் செய்துகொண்ட பழைய அநியாயம் எல்லாம் அதற்குக் கீழே வந்து குவிந்தது. அதில் பாதி எழுதினவன் அந்தக் காலத்தில் பிறந்திருக்கவில்லை. கஜேந்தினியை வாட்டில் இருந்து எடுத்து வெளிநோயாளர் மருந்து கட்டுகிற அறையில் போட்டார்கள். விசாரணை வரும் என்றார்கள்.

மீராமுகைதீன் தன் பொறுப்பில் என்று கையெழுத்து வைத்துக் கமீலாவை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மூக்கால் ஒரு குழாய், தொடையில் ஒரு வெட்டு, முகத்தில் ஒரு பாதி இல்லை. பின்பக்கம் அந்தக் குழி. “அந்த ஆசுபத்திரி மருந்து இனி அவட உடம்பில படப்படாது” என்றான். ஓதின எண்ணெயில் துணியை நனைத்துக் குழிக்குள் வைத்தார்கள். குழாயால் கஞ்சித்தண்ணி ஊற்றினார்கள். பத்தியம் திரும்ப வந்தது.

அவளுக்கு மல்லாக்கப் படுக்க ஏலாது, இருக்கவும் ஏலாது. இடது பக்கம் வாய் வெட்டு, ஆகவே வலது பக்கமாகவே கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கரண்ட் மெசினுக்குக் கீழே பலகையில் மல்லாக்கக் கிடக்க வேணும், அசையக் கூடாது. புண் ஆறினால்தான் கரண்ட். புண்ணோ ஆறுகிற பக்கம் போகவில்லை. ஆறு கிழமையில் பாதி கழிந்துவிட்டது. நான் போய் வாசலில் நின்று, “கமீலா, எப்படி?” என்று கேட்டால் கையைத் திருப்பிக் காட்டுவாள், ஒன்றுமில்லை என்று.

ஒருநாள் காலையில் நபீஸா வேலியடியில் கீரிமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்துக்கு ஆணம் காய்ச்ச. செதில் காற்றில் பறந்து என் சாரனில் ஒட்டியது.

“உன்ட ராத்தாக்கு ஒரு துண்ட அவிச்சு அடிச்சி அந்தக் குழாயால ஊத்தினா என்னகா?” என்றேன். “புண் ஆற உடம்பில ஏதும் வேணுமே.”

“மச்சான் கண்டா என்னக் கொண்டுபோடுவார்.”

“நீ அண்டைக்கு அந்த மிஸ்ஸுக்குப் பொய்தானே சொன்ன?”

கத்தி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காக்கா, சத்தியமா நான் மாட்டனெண்டுதான் சொன்னன். சுபஹுக்கு மச்சான் போன் எடுத்தார். பள்ளி லெவ்வைக்கிட்ட ஓதின எண்ணெய் பேக்குக்குள்ள வெச்சிரிக்கன், பிடரியில இருந்து முள்ளந்தண்டு முடியிற வரைக்கும் ஒரு இடம் விடாம பூசு எண்டார். நான் சொன்னன், மச்சான், கீழ பஞ்சு ஒட்டியிரிக்கி, எண்ணெய் படப்படாதாமெண்டு. கிளப்பிப் பூசிப்போட்டுத் திரும்ப ஒட்டு எண்டார். ராத்தா வேணாமெண்டு என்ட கையப் புடிச்சா. போன ராத்தாட காதில வைக்கச் சொன்னார். என்ன சொன்னாரோ தெரியா. ராத்தா மறுகா முதுகத் திருப்பிக் குடுத்தா.”

“ஒட்டினியா திரும்ப?”

“ஒட்டினன். ஒட்டல்ல. அமத்திப் பாத்தன், வழுகுது. அதுக்குள்ள தள்ளுகட்டில் வந்திட்டு. உடுப்ப இழுத்து மூடிட்டன்.” மீனை விட்டுவிட்டு இரத்தக் கையோடு முகத்தைத் துடைத்தாள். “அந்தப் புள்ளட படத்த என்ட மகள்ற போனில பாத்தன். கீழ எழுதியிரிக்கிறதெல்லாம் மனிசன் எழுதிறதா காக்கா?”

அன்று பின்னேரம் வயலுக்குப் போனேன். சிறுபோகம் பழுத்து நின்றது. வெட்டு மெசினுக்குச் சொல்லிவிட்டு வயலைக் காயவிடுகிற நேரம். கச்சான் கதிரை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது. மீராமுகைதீன் வக்கடையில் மண் வெட்டிப்போட்டுத் தண்ணியை மறித்துக்கொண்டிருந்தான்.

“அந்த எண்ணெயப் பத்திக் கதைக்கணும்” என்றேன்.

மண்வெட்டி நிற்கவில்லை. “நபீஸா சொன்னாளா?”

“ஆர் சொன்னா என்ன. பூசச் சொன்ன நீதானே?”

“ஓம். என்ட மனிசிக்கு நாயன் ஷிபாவக் குடுத்துச் சுகமாக்கட்டுமெண்டு ஓதின எண்ணெய் பூசச் சொன்னன். அது குத்தமா?”

“குத்தமில்ல. நெத்தியில பூசியிரிக்கலாம், கையில பூசியிரிக்கலாம். பஞ்சக் கிளப்பிப்போட்டுத்தான் பூசணுமா?”

அவன் நிமிர்ந்தான். “குர்ஆன் ஓதின எண்ணெய் ஒரு மனிசிர தோலப் புண்ணாக்குமா காக்கா? ஆக்குமெண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க பாப்பம். ஈமானோட சொல்லுங்க.”

வட்டானையை மடக்குகிறதும் இப்படித்தான்.

“ஓதினதில பிழை இரிக்கெண்டு ஆர் சொன்ன? ஓதினது ஓதினதுதான். எண்ணெய் எண்ணெய்தான். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுறவன் முதல்ல ஏன் தேச்சித் தேச்சித் தொடைக்கிறான்? எண்ணெய்ப் பசையில ஒட்டு நிக்காது.”

“நீங்களும் அந்தத் தமிழச்சிர பக்கமா?”

“நான் ஒருத்தன்ட பக்கமுமில்ல. ஆசுபத்திரிய நான் நம்புறவனில்ல. தியேட்டருக்குள்ள கிடத்தின ஆக்கள் ஒருக்காத் திருப்பிப் பாத்திருந்தா கண்டிருப்பாங்க, பஞ்சு ஓரம் தெரிஞ்சதோட விட்டிரிப்பாங்க. அவங்கட பிழை அவங்கட தலையில. உன்ட பிழைய நீ எடு. எடுத்தாத்தான் அவவுக்கு ஒழுங்கா மருந்து கட்டலாம், கரண்டுக்குக் கொண்டு போகலாம். நாள் போகுதுடா.”

அவன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். அந்த ஒருதரம்தான் அவன் வாயில் இருந்து உண்மை வந்தது.

“இப்ப பொயித்து நான்தான் எண்டு சொன்னா, பள்ளியடியில என்ட மூஞ்சிய எப்படிக் காட்டுற? அவ்வளவு சனமும் எனக்காகக் கத்தினது காக்கா.”

மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வக்கடையை அரைகுறையாக விட்டிருந்தான், நான் அடைத்தேன்.

விசாரணைக்குக் கமீலாவையும் கொண்டுவரச் சொன்னார்கள். “நம்மட பக்கம் ஒரு வயசாளி வேணும்” என்று மீராமுகைதீன் என்னையே கூப்பிட்டான். வயலில் கதைத்ததை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்தானோ, அல்லது என்னைப் பக்கத்தில் வைத்தால் வாய் திறக்கமாட்டேன் என்று நினைத்தானோ. நான் திறக்கத்தான் போனேன்.

ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றனும் ஒரு டொக்டரும். சுவரோடு கஜேந்தினி. அவள் கையை முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றாள். கமீலாவைச் சில்லு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தோம், நபீஸா தலையணையால் முண்டு கொடுத்தாள். புண் மணத்தது. மேற்றன் யன்னலைத் திறந்துவிட்டார்.

“அம்மா, இந்த மிஸ் முதல்நாள் பின்னேரம் உங்களுக்குப் பஞ்சு ஒட்டினவவா?” என்று மேற்றன் கேட்டார்.

கமீலா தலையாட்டினாள்.

“அவள் ஒட்டினபடியாலதானே வெட்டினது” என்றான் மீராமுகைதீன்.

“நீங்க கொஞ்சம் இருங்க. அம்மா, ஒட்டினத ஆராவது பிறகு கழட்டினாங்களா?”

“ஆரும் கழட்டல்ல” என்றான் அவன்.

“நான் அம்மாவக் கேக்கிறன்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினேன். கமீலா என்னைப் பார்த்தாள். இரு என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு நபீஸாவைப் பார்த்தாள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருசனின் பக்கம் திரும்பவேயில்லை. கையைத் தூக்கி ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

“நீங்களா கழட்டின?”

தலையாட்டினாள்.

“ஏன்?”

விரலால் புறங்கையைச் சொறிந்து காட்டினாள்.

“கடிச்சதா? எண்ணெய் பூசினீங்களா?”

தலையாட்டினாள். திரும்பவும் நெஞ்சில் விரல்.

மேற்றன் பேனையை வைத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “படிச்சுப் படிச்சுச் சொல்லியும் என்ன வேலை அம்மா செஞ்சிருக்கிறீங்க? கடிச்சா மிஸ்ஸக் கூப்பிட வாயில்லையா? இந்தப் பிள்ளை உங்களால எவ்வளவு பேச்சு வாங்கியிருக்கு தெரியுமா?” நோயாளி என்றும் பார்க்காமல் ஏசினார். கமீலா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வாயோரம் எச்சில் வடிந்தது, நபீஸா துடைத்தாள். துடைக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் நின்றபடி நின்றேன். வாய் இல்லாதவள் சொல்லி முடித்துவிட்டாள். வாய் உள்ளவன் என்னத்தைச் சொல்ல?

மீராமுகைதீன் மூச்சை விட்டான். அது எனக்குக் கேட்டது. மூட்டை இறக்கினவன் விடுகிற மூச்சு.

“எனக்கு இது ஒண்டும் தெரியாது மேற்றன்” என்றான். “எனக்கே சொல்லல்ல பாருங்க. என்ன வேலைகா செஞ்ச நீ? அந்தப் புள்ளய நாம அநியாயமாப் பேசிட்டமே.” தலையில் கைவைத்தான். பிறகு கஜேந்தினியைப் பார்த்து, “மிஸ், மனசில வைக்காதீங்க. படிப்பறிவு இல்லாத பொம்புள” என்றான்.

கஜேந்தினி அவனைப் பார்த்தாள், நபீஸாவின் கையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. தன்னுடைய முதுகுக்குக் கீழே, கை எட்டாத இடத்தில், ஒருத்தி தானே பஞ்சு உரித்து எண்ணெய் பூசினாள் என்பதை அவள் நம்பியிருக்கமாட்டாள்.

“மேற்றன், புண்ண இப்பவே பாக்கட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நெடுநேரம் கழுவினார்கள். கமீலாவிடம் இருந்து வந்த சத்தம் சொல்லாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. மீராமுகைதீன் நடையில் நின்று றிஸ்லாவுக்குப் போன் எடுத்தான். “உம்மாதான், மகள், கழட்டிரிக்கா. ஓம். எங்களுக்குச் சொல்லாம” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் நடந்தது. அவனுக்கு இனிப் பயமில்லை, ஆகவே ஆசுபத்திரி மருந்தும் கூடும், மீனும் கூடும். நபீஸா மீனையும் முட்டையையும் அவித்து அடித்து வடித்துக் குழாயால் ஊற்றினாள். கஜேந்தினி ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டினாள். அதே பஞ்சு, அதே பசை, இந்தமுறை ஒட்டினது. பக்கம் மாற்றிக் கிடத்துவது எப்படி, குதிக்காலைத் தூக்கிவைப்பது எப்படி என்று நபீஸாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். குழியின் அடியில் சிவப்புச் சதை வந்தது. மாவடிப்பள்ளியில் வெட்டு மெசின் இறங்கி, நெல் காய்ந்து, மூட்டை கட்டி லொறி ஏறின பிறகுதான் தோல் மூடினது. ஆறு கிழமை எப்போதோ போய்விட்டது.

மட்டக்களப்பில் கரண்ட் டொக்டர் அவளைப் படுக்கவைத்துக் கழுத்தைத் தடவினார். தடவின கை ஒரு இடத்தில் நின்றது. திரும்பத் தடவினார்.

“இது எப்ப வந்த?”

ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பின்பக்கத்துப் புண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கழுத்தைப் பார்க்கவில்லை.

“கரண்ட் குடுப்பம். குடுக்காம விடக்கூடாது” என்றார் டொக்டர். “ஆனா நேரத்துக்கு வந்திருந்தா சொல்லியிருக்கக்கூடிய கதைய இப்ப சொல்ல ஏலாது.” கமீலா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஊருக்கு அது இரண்டு நாள் கதை. நேர்ஸ் பிள்ளையை ஏசினவர்கள் கூசாமல் கமீலாவை ஏசினார்கள். அவளே தேடிக்கொண்டது என்றார்கள். தேத்தண்ணிக் கடையில் மீராமுகைதீனைப் பார்த்து “பாவம், பொறுமைசாலி” என்றார்கள். அவன் கண்ணாடிக் கிளாசைச் சுற்றிச்சுற்றிப் பிடித்துக்கொண்டு, “என்ன செய்யிற, பொம்புளயள். அல்லாட நாட்டம்” என்றான். நான் பக்கத்து வாங்கில்தான் இருந்தேன். நான் இருப்பது தெரிந்துதான் சொன்னான். சொல்லச் சொல்ல அவனே அதை நம்பத் தொடங்கிவிட்டான் என்று எனக்குப் பட்டது.

முதல் கரண்டுக்குப் போகிற காலை, வேன் வந்து வாசலில் நின்றது. பின்வாங்கில் மெத்தையைப் போட்டுக் கமீலாவைச் சரித்துக் கிடத்தினோம். நபீஸா அவள் காலடியில் ஏறினாள். மீராமுகைதீன் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்தான். கையில் எல்லோருக்கும் சோத்துப் பார்சல். முன்கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. பாதி நாக்குப் போன வாயில் இருந்து, தொண்டையின் அடியில் இருந்து. மாடு கத்தின மாதிரி. வேன்காரன் பயந்து திரும்பிப் பார்த்தான். கமீலா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் தானாகத் தலையைத் தூக்கி நான் காணவில்லை. தைத்த கன்னம் துடித்தது. இன்னொருதரம் அதே சத்தம்.

“என்னவாம் நபீஸா? தண்ணி வேணுமாமா?” என்றான் அவன்.

நபீஸா இவ்வளவு நாளும் அவனுக்குப் பயந்தவள். இப்போது மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“உங்கள இறங்கட்டாம் மச்சான்.”

“என்னயா?”

“ஓம். உங்களத்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன்காரன் எந்தப் பக்கமும் பார்க்காமல் மெசினை ஸ்டார்ட் பண்ணினான். மீராமுகைதீன் தூக்கி வைத்த காலைக் கீழே வைத்தான். நபீஸா முன்சீட்டுக்கு மேலால் எட்டி முன்கதவை இழுத்துச் சாத்தினாள்.

வேன் பெரிய றோட்டுக்குத் திரும்பினது. அவன் சோத்துப் பார்சலோடு நின்றான்.

“பாத்தியளா காக்கா?” என்றான். “இவ்வளவும் அவக்காக ஓடித்திரிஞ்சவன் நான். எனக்கு இப்பிடிச் செஞ்சிட்டுப் போறா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பிழை செஞ்சன்?”

அவன் கேட்டது நடிப்பு இல்லை. உண்மையாகவே தெரியாதவனின் முகம் அது. அதைப் பார்க்க ஏலாமல் நான் வீட்டுக்குள் போனேன்.